கீழ் லெவல்

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஐடாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு மேலே ஒரு மாடி அறை இருந்தது. உள்ளே ஓர் இரும்பு ரேக், அதில் இரண்டு ரவுட்டர்கள், கீழ்த்தட்டில் மோடம்கள், சுவரோரம் பேட்டரிகள், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். பெங்களூரில் இருந்த ஒரு தனியார் இணையக் கம்பெனி இரண்டாயிரமாம் ஆண்டில் அதை அங்கே அமைத்தது. கே.ஜி.எஃப்.பில் ஒருவர் வீட்டிலிருந்து மெயில் அனுப்பினால், அது டெலிபோன் கம்பி வழியாக அந்த அறைக்கு வந்து, அங்கிருந்து பங்காருபேட்டையைத் தாண்டிப் பெங்களூர் போகும். அந்த அறையைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் நேசமணி.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டனில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். மைன்ஸ் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் இன்டர்நெட் கம்பெனிக்குப் போய்விட்டாளே என்று. அந்தப் பெருமையில் பாதியைக் கழித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். யாரை யாரோடு சேர்ப்பது, எந்த வழியாகச் சேர்ப்பது என்பதுதான் இரண்டு இடத்திலும் வேலை. அவள் பெரிய கெட்டிக்காரி இல்லை. கவனமானவள். ஒரு டிப்ளமோ படித்திருந்தாள், மைன்ஸில் ஆள் குறைத்தபோது விலகி ஒரு கோர்ஸ் முடித்தாள், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். மீதிப் பாதியை மட்டும் கழிக்க மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் ரவுட்டர் அல்ல, துரை.

துரை அவள் கணவன். சுரங்கத்துக்குள் துளை போடுகிறவன். நேசமணி ஒருநாளும் கீழே இறங்கியதில்லை, பெண்களை இறக்குவதில்லை. ஆனாலும் சுரங்கத்தின் ஒவ்வொரு லெவலையும் அவள் காதால் அறிந்திருந்தாள். ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்கும்போது நிற்கும் ஒவ்வொரு தளமும் ஒரு லெவல். ஒன்றாம் லெவல் மேலே, வெளிச்சத்துக்குப் பக்கத்தில். எண் கூடக் கூட ஆழம் கூடும், சூடும் கூடும். லைன் வீடுகளில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "உன் வீட்டுக்காரரு எந்த லெவலு?" என்று கேட்பாள். பெரிய எண்ணைச் சொன்னால் கேட்டவள் உச்சுக்கொட்டுவாள். அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை.

தொண்ணூற்றாறில் துரை இறங்கியிருந்த லெவலில் பாறை வெடித்தது. ஏர்பிளாஸ்ட் என்று அதை அங்கே சொல்வார்கள். அழுத்தம் தாங்காத பாறை தானாகவே வெடித்துச் சரியும். அந்த ஷிஃப்டில் போர்டில் இருந்தது நேசமணிதான். அந்த லெவலுக்கான ஓட்டையில் பிளக்கைச் செருகினால் வெறும் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் மேல் லெவலில் இருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"அம்மா, காத்து பைப்புல தட்டுற சத்தம் கேக்குது. மூணு மூணா தட்டுறாங்க. யாருன்னு தெரியல. ஆள் இருக்குது, அது மட்டும் சொல்லிடுங்க."

அதை அப்படியே மேலே சொன்னாள். மேனேஜருக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரெஸ்க்யூ ஸ்டேஷனுக்கு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாற்று ஆள் வந்தும் எழுந்திருக்கவில்லை. துரையை வெளியே கொண்டுவந்தபோது உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. இரண்டு காதும் போயிருந்தன. பைப்பில் தட்டிக்கொண்டிருந்தது அவன்தான்.

அதன் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினான். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகப் பேசினான். தைரியசாலி என்று பெயர் எடுத்தவனுக்குக் காலி வீட்டில் இருக்க மட்டும் முடியவில்லை. காது கேட்கிறவனுக்கு வீட்டில் யாரும் இல்லை என்பது ஒருமுறை தெரிந்தால் போதும். காது கேட்காதவன் அதை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். கதவுக்கு முதுகு காட்டி அவனால் ஒரு வாய்ச் சோறு தின்ன முடியவில்லை.

ஆகவே நேசமணிக்கு வேண்டியிருந்தது நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை. ஐடா பூத்தின் மாடி அவளுக்கு அப்படித்தான் பெரிய வரமாக இருந்தது. மத்தியானம் துரை டிபன் கேரியரோடு ஸ்கெலட்டனில் இருந்து நடந்து வருவான். கட்டிடத்தின் பக்கவாட்டில் மழைத்தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாய் ஒன்று மாடி வரை போகிறது. அதில் சாவிக்கொத்தால் மூன்று தட்டு தட்டுவான். மேலே அவளுக்குக் கேட்கும். அவள் ஜன்னலோர டியூப்லைட்டை அணைத்து அணைத்து மூன்று முறை போடுவாள். அவன் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் படியேறுவான். நேராகப் படியேறி வந்தால் என்ன என்று கேட்பதற்கு ஐடா ஒருத்தி போதும்.

"இன்னா துரை, ராத்திரி ஒரே பாயில படுத்துக்கினு, மத்தியானம் பைப்பத் தட்டிக் கூப்பிடறியே, புதுசா லவ் பண்றியா?"

"இன்னா சொல்றே?" என்று துரை தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்பான். அவனுக்குப் புரிந்திருக்கும். அவளை இரண்டாம் முறை சொல்லவைப்பதில் அவனுக்கு ஒரு குஷி.

மாடி அறையில் அவள் செய்த வேலை இதுதான். அந்த அறைக்கு வெளியே போக இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று பங்காருபேட்டைக்கு, இன்னொன்று கோலாருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரவுட்டர். எந்த ஊருக்குப் போகிற தகவல் எந்தக் கம்பியில் போகவேண்டும் என்பதை ரவுட்டருக்குள் கையால் எழுதி வைத்திருந்தார்கள். பங்காருபேட்டைக் கம்பி அறுந்தால் அவள் உட்கார்ந்து, அந்தப் பாதைகளை அழித்துவிட்டுக் கோலார் வழியாக எழுதுவாள். சரியானதும் திருப்பி எழுதுவாள். ரோடு தோண்டுகிறவர்கள் அவளைச் சும்மா உட்காரவிடவில்லை.

"தோண்டுறவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுடி. அவன் ரோட்டுல மண்ண வெட்டினாதான் உன் தட்டுல சோறு விழுது" என்பாள் ஐடா.

பெங்களூரில் இருந்து போனில் வழி சொல்கிற இஞ்சினியர் பல்லவி. சின்னப் பெண், பெமல் நகரில் வளர்ந்தவள், எந்திரத் தொழிற்சாலைக் குடும்பம். அவள்தான் ஒருநாள் புதுமுறையைப் பற்றிச் சொன்னாள்.

"இனிமே கையால பாதை எழுத வேண்டாம்க்கா. ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்கு விட்டுவிட்டு ஒரு ஹலோ அனுப்பிட்டே இருக்கும். தொடர்ந்து மூணு ஹலோ வரலேன்னா அந்தப் பக்கம் செத்துப்போச்சுன்னு எடுத்துக்கும். தன்கிட்ட எந்தெந்தக் கம்பி உயிரோட இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லும். அவ்வளவுதான். அதை வச்சு ஒவ்வொண்ணும் தானே முழு மேப் போட்டுக்கும், தானே வழி கண்டுபிடிச்சுக்கும்."

"அடுத்தவங்களப் பத்தி ஒன்னியும் சொல்லாதா?"

"சொல்லாது. தன்னோடத மட்டும்தான். அடுத்தவங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே கடத்தும்."

நேசமணிக்கு இது பிடித்திருந்தது. போர்டில் அவள் செய்ததும் அதுதான். எனக்கும் இந்த விதி யோசிக்கத் தகுந்ததாகப் படுகிறது. தன் நிலையைத் தானே சொல்வது, பிறர் சொன்னதைத் திரிக்காமல் கடத்துவது. இவை இரண்டும் இருந்தால் ஓர் ஊரின் முழுப் படம் எல்லோர் கையிலும் இருக்கும். மனிதர்களிடம் இந்த விதி ஏன் நிற்பதில்லை என்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. தன் நிலையைச் சொன்னால் சில சமயம் நஷ்டம் தனக்குத்தான்.

அப்படி ஒரு சமயம் அடுத்த வாரமே வந்தது. பல்லவியின் மேனேஜர் பவன் கூப்பிட்டான். கன்னடமும் இங்கிலீஷும் கலந்த தமிழ்.

"நேசமணி மேடம், சண்டே மத்தியானம் டிராஃபிக் கம்மி, அப்ப மாத்திடலாம். ஒண்ணு ஓப்பனா சொல்லிடறேன். இது வந்துட்டா லைன் கட் ஆனாலும் தானே வழி மாத்திக்கும். அங்க ஆள் பேக்கில்ல, தேவைப்படாது. உங்களை விட்டுட மாட்டோம். பெங்களூர் கன்ட்ரோல் ரூமுக்கு வந்துடுங்க."

"இங்கேயே இருக்க முடியாதா சார்?"

"இது ஒர்க் ஆகலேன்னா பழைய மாதிரியே இருக்கட்டும், நீங்களும் இருங்க. ஆனா ஆகும். பல்லவி பண்றா இல்ல?"

அவனைக் குறை சொல்ல முடியாது. உள்ளதைச் சொன்னான். பெங்களூர் என்றால் விடியுமுன் மாரிக்குப்பம் ரயில், இருட்டிய பிறகு வீடு. அதற்கு நடுவே துரைக்கு ஒரு முழுப் பகல், காலி வீடு, கதவு. மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் பெங்களூர் போவதா? முகம் தெரியாத ஊரில் அவன் யார் உதட்டைப் படிப்பான்?

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் புதுமுறையைப் பற்றி மட்டும் துரைக்குச் சொன்னாள். பவன் சொன்னதைச் சொல்லவில்லை.

"மூணு தடவ சத்தம் வரலன்னா?" என்று கேட்டான்.

"செத்துட்டான்னு கணக்கு."

"அந்த மெஷினுங்கள நம்ம ரெஸ்க்யூல சேக்காத. நாங்க தட்டுறதுக்கு நடுவுல ரெஸ்ட் எடுத்தோம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு அவள் முகத்தையே பார்த்தான். "இன்னா நேசம், வேற எதோ இருக்குது."

"ஒன்னியும் இல்லீங்க. ரசம் ஊத்திக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் மாடிக்குப் போனாள். பல்லவி அனுப்பியிருந்த ஃபாக்ஸ் கையில் இருந்தது. என்னென்ன எந்த வரிசையில் தட்டவேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு வரி மட்டும் மங்கி, படிக்க முடியவில்லை. போனில் கேட்டாள்.

"அது லெவல்க்கா. நெட்வொர்க்க ரெண்டு லெவலா பிரிச்சிருக்கோம். ஒரே லெவல்ல இருக்கற பாக்ஸ்ங்கதான் ஒண்ணோட ஒண்ணு சேரும். லெவல் ஒன், லெவல் டூ. நீங்க கடைசி முனை, அதனால உங்க ரெண்டு பாக்ஸையும் கீழ் லெவல்ல வைங்க. ஒரு நிமிஷம் இருங்க, சார் கூப்பிடறார்."

கீழ் லெவல். நேசமணி யோசிக்கவே இல்லை. இரண்டு ரவுட்டரிலும் லெவல் இரண்டு என்று தட்டினாள்.

பிறகு பார்த்தாள். அறையில் இருந்த இரண்டு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று ஹலோ அனுப்பத் தொடங்கின. ஒரே அறையில் ஒரே கம்பியில் இருப்பவை அண்டை என்று ஒப்புக்கொள்ள ஒரு நிபந்தனை உண்டு. மற்றதன் ஹலோவுக்குள் தன் பெயர் இருக்கவேண்டும். வெறுமனே குரல் கேட்டால் போதாது, அந்தக் குரல் தன்னைக் கேட்டுவிட்டுப் பேசுகிறது என்று தெரியவேண்டும். இரண்டும் தத்தம் பெயரைக் கண்டன. அண்டை சேர்ந்தது என்று திரை காட்டியது. நேசமணி திருப்தியாகத் தலையாட்டினாள். குறித்த நேரத்தில் அவள் இந்தப் பக்கமும் பல்லவி அந்தப் பக்கமும் கையால் எழுதிய பழைய பாதைகளை அழித்தார்கள்.

ராபர்ட்சன்பேட்டை வலையில் இருந்து காணாமல் போனது.

"அக்கா, உங்க பக்கம் ஒண்ணும் தெரியலையே. உள்ள வர முடியல."

"இங்க ரெண்டும் நல்லா பேசிக்கினு இருக்குதே பல்லவி."

"எதுகூட?"

"ஒன்னுக்கு ஒன்னு."

"வெளியில? பங்காருபேட்டை? கோலார்?"

அவள் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. ஹலோக்கள் போயின, வந்தன. யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை. பல்லவி கம்பியைச் சோதித்தாள், உயிரோடு இருந்தது. ஏரியா எண்ணைக் கேட்டாள், சரியாக இருந்தது. பங்காருபேட்டையில் போட்டதைத் தன் பக்கம் சரிபார்த்தாள். நேரம் போனது. கீழே குழாயில் மூன்று தட்டு கேட்டது. நேசமணி ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு டியூப்லைட்டை அணைத்துப் போட்டாள். துரை மேலே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கேரியரைத் திறக்காமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

போனில் பல்லவியின் குரல் தாழ்ந்தது. "அக்கா, சார் பழைய மாதிரியே மாத்திடச் சொல்றார். கே.ஜி.எஃப். மட்டும் கைமுறையிலயே இருக்கட்டும்ங்கறார். இப்பவே நீங்க பழைய பாதைகளை எழுதிடறீங்களா?"

அவள் வேண்டியது இதுதான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அறை இருக்கும், ஜன்னல் இருக்கும், மத்தியானம் இருக்கும். துரை எதிரே உட்கார்ந்திருந்தான். ரேக்கில் இரண்டு எந்திரங்களும் வெளி உலகம் தங்களை மதிக்காதது தெரியாமல் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"இரு பல்லவி. எழுதினத ஒரு தடவ படிச்சுக் காட்டிடறேன். அப்புறம் அழிக்கலாம்."

இதைத் தியாகம் என்று நான் எழுதமாட்டேன். அவளிடம் கேட்டிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். போர்டில் ஒரு வழக்கம் உண்டு. பிளக்கை உருவுமுன் எங்கிருந்து எங்கே இணைத்தது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், அந்தப் பக்கம் கேட்டு ஆமாம் என்ற பிறகே உருவவேண்டும். கீழே ஆட்கள் இருக்கும் கம்பியைத் தவறுதலாக உருவிவிடக் கூடாது என்பதற்காக. அவள் கைக்கு வேறு மாதிரி பிளக் உருவத் தெரியாது. பழக்கம் என்பதும் ஒருவகை நிலைப்பாடுதானா என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. முடிவு தெரியவில்லை.

ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பல்லவி உம் கொட்டினாள்.

"லெவல் ரெண்டு."

உம் வரவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"லெவல் ரெண்டு. ரெண்டு பாக்ஸுலயும்."

"அக்கா, நான் கீழ் லெவல்னு தானே சொன்னேன்?"

"அதான் போட்டேன். ஒன்னுக்குக் கீழ ரெண்டு."

"அய்யோ, ஒன்னுதான்க்கா கீழ. ரெண்டு மேல."

"ஒன்னு எப்பிடிம்மா கீழ இருக்கும்? ஒன்னுல இருந்துதான் வெளிய வருவாங்க. ரெண்டு, மூணு, நாலுன்னு எறங்கிக்கினேதான போவும்?"

"எங்க எறங்கும்?"

"ஷாஃப்ட்டுல!"

 பல்லவி சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். "நான் பெமல் நகர்க்கா. நாங்க மாடிப்படியைத்தான் பார்த்திருக்கோம். ஒன்னு கீழ, ரெண்டு மேல."

"நானும் நெனச்சேன், இத்தினி நாளா பேசிக்கினு இருக்கோம், ஒருத்தருக்கு ஒருத்தர் புரியுதுன்னு." நேசமணிக்கும் சிரிப்பு வந்தது.

"இன்னாச்சு?" என்று துரை கத்தினான். பல்லவிக்கும் கேட்டது.

நேசமணி அவன் பக்கம் திரும்பி உதட்டைத் தெளிவாக அசைத்தாள். "அவங்க ஊர்ல ஒன்னாம் லெவலுதான் அடியாம்."

துரை யோசித்தான். "அப்பக் கேஜு எங்க நிக்கும், வானத்துலயா?"

அவள் இரண்டு எந்திரங்களிலும் இரண்டை ஒன்றாக மாற்றினாள். அவ்வளவுதான் வேலை. பங்காருபேட்டை அண்டையாகச் சேர்ந்தது. கோலார் சேர்ந்தது. பின்னாலேயே, அவை தங்களைப் பற்றிச் சொன்னவை, அவற்றுக்கு மற்றவை சொன்னவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்து திரையில் நிரம்பின. அவள் நேரில் பார்த்தே இராத இடங்களின் பெயர்கள். அவளுடைய இரண்டு பெட்டிகளின் பெயர்களும் இந்நேரம் அங்கெல்லாம் போயிருக்கும்.

"வந்துடுச்சுக்கா" என்றாள் பல்லவி. பிறகு, "அக்கா, சார் உங்ககிட்ட சொன்னது எனக்குத் தெரியும். நீங்க சரின்னு சொல்லியிருந்தா…"

"படிச்சுக் காட்டாம உருவ மாட்டோம் பல்லவி. பழக்கம்." சொல்லிவிட்டு அவள் ஃபாக்ஸ் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

போனை வைத்ததும் துரை கேரியரைத் திறந்தான். அவள் சாப்பிடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள். பெங்களூர், ரயில், பகல். உதட்டை மெதுவாக அசைத்துச் சொல்லவேண்டியிருந்ததால் அழுகையையும் மெதுவாகத்தான் அழ முடிந்தது.

அவன் அவள் உதட்டைக் கடைசிச் சொல் வரை பார்த்தான். "போ" என்றான். தெருவுக்கே கேட்டது.

"நீங்க எப்பிடி?"

"நான் இன்னா கொழந்தையா?" அவன் கை தன்னையறியாமல் சாவிக்கொத்தைத் தேடியது. எடுத்து ஸ்டூல் காலில் மூன்று தட்டு தட்டினான். "இது மட்டும் வேணும். இதுக்கு ஒரு வழி பண்ணு. நீதான் வழி போடுறவளாச்சே."

அதற்கு வழி கண்டுபிடிக்க அவளுக்கு நாலைந்து நாள் ஆயிற்று. டெலிபோன் அவனுக்கு ஒருவழிதான். அவனால் தட்ட முடியும், கேட்க முடியாது. அவனுக்குத் தேவை கண்ணால் பார்க்க ஏதாவது. டியூப்லைட்டைப் பெங்களூரில் இருந்து அணைக்க முடியாது. ஆனால் ரவுட்டரின் ஒரு கம்பியைப் பெங்களூரில் இருந்து அணைக்கலாம்.

கோலார் பக்க ரவுட்டரில் யாருக்கும் வேண்டாத ஒரு போர்ட், கம்பி செருகும் ஓட்டை, காலியாக இருந்தது. அதில் ஒரு கம்பியைச் செருகி, மாடிப்படி வழியாகக் கீழே இறக்கி, ஐடாவின் பூத்தில் சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டில் ஒரு பழைய ஹப் பெட்டியில் இணைத்தாள். கம்பி உயிரோடு இருந்தால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். மேலே போர்ட்டை அணைத்தால் விளக்கு அணையும். போட்டால் எரியும்.

பல்லவியிடம் கூச்சத்தோடு அனுமதி கேட்டாள்.

"தாராளமா வச்சுக்குங்க. ஆனா ரவுட்டர் எல்லாருக்கும் சொல்ற அறிக்கையில அந்தப் போர்ட்டைச் சேர்த்துடாதீங்கக்கா. சேர்த்தா நீங்க ஒவ்வொரு தடவை அணைக்கிறப்பவும் கோலார் ஜில்லா பூரா எல்லா ரவுட்டருக்கும் சேதி போகும். எல்லாம் உட்கார்ந்து மேப்பைத் திருத்திட்டு இருக்கும்."

"வேணாம் வேணாம். அது எங்க வீட்டு விஷயம்."

தன் நிலையை எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்ற விதிக்கு அவள் வைத்த ஒரே விலக்கு அதுதான். அதை நான் சரியென்றே நினைக்கிறேன்.

அறைச் சாவியை ஐடாவிடம் கொடுத்தாள். மறுநாள் விடியுமுன் ரயிலேறினாள். பெங்களூர் கன்ட்ரோல் ரூமில் அவளுக்கு மூலையில் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு டெலிபோன் கிடைத்தன. புது இடத்தில் யாரும் அவளை அதிகம் கவனிக்கவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆனதும் ராபர்ட்சன்பேட்டை ரவுட்டருக்குள் போனாள். உடனே உள்ளே விட்டது. போர்ட்டை அணைத்தாள், போட்டாள். அணைத்தாள், போட்டாள். அணைத்தாள். போட்டாள்.

பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டெலிபோன் பேசாமல் இருந்தது. அவன் இன்னும் நடந்து வந்து சேர்ந்திருக்கமாட்டான். அல்லது வரவே இல்லையோ. கதவைப் பார்த்தபடி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டானோ. மூன்று ஹலோ வராவிட்டால் செத்ததாகக் கணக்கு என்று அவனிடம் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று நினைத்தாள்.

டெலிபோன் அடித்தது. எடுத்தாள்.

டொக். டொக். டொக்.

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பின்னால் ஐடாவின் குரல். "தட்டியாச்சுல்ல துரை, போனக் குடு. இன்னாடி நேசம், கேட்டுச்சா? காலையில இருந்து இங்கயே உக்காந்துக்கினு அந்தப் பொட்டிய மொறைச்சுக்கினு இருக்கான். கஸ்டமர் யாரும் அந்தத் தட்டுப் பக்கம் போவ முடியல. சாமி கும்புடுறான்னு நெனச்சிக்கினு நாலு பேரு செருப்ப வெளிய வுட்டுட்டு வர்றாங்க."

"கேட்டுச்சு ஐடா. சாப்பிட்டாரா?"

"இப்பத்தான் தெறக்குறான். வெளக்கு அணைஞ்சி எரிஞ்சதும் இன்னா சிரிப்பு! சரி, வைக்கிறேன். நீயும் சாப்புடு."

போனை வைத்தபோது பல்லவி அவள் மேசைக்கு வந்து நின்றாள். "அக்கா, உங்க ஊர்ப் பக்கம் காலையில இருந்து பங்காருபேட்டைக் கம்பி கட். எங்கேயோ ரோடு தோண்டறாங்களாம். உங்களுக்கு எதுவும் தடைப்பட்டுச்சா?"

நேசமணி திரையைப் பார்த்தாள். பங்காருபேட்டைக் கம்பி எதிரே இறந்ததாகத்தான் போட்டிருந்தது. அவள் கவனிக்கவே இல்லை. அவள் அணைத்துப் போட்டது மூன்று முறையும் கோலார் சுற்றிப் போயிருக்கிறது.

"இல்ல பல்லவி, ஒன்னும் தடைப்படல" என்றாள். கீழே குனிந்து டிபன் டப்பாவை எடுத்தாள். ஐடாவின் பூத்தில் இந்நேரம் அவன் பாதி சாப்பிட்டிருப்பான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. விளக்கு கதவுக்கு எதிர்ப் பக்கம்தான் இருக்கிறது.